காய்ந்த பஞ்சு

அஞ்சு மணியிலிருந்து அஞ்சே முக்கால் வரைக்கும்னு கோயில் வாசல் பலகையில எழுதிப் போட்டாச்சு, அதனால அதுவரைக்கும் உட்கார்ந்துதான் ஆகணும், ஒருத்தரும் வரலைன்னாலும் சரி, ஊதாத் தோள்துணியைப் போட்டுக்கிட்டு ஜனங்க பாவத்தைச் சொல்லி மன்னிப்பு கேக்குற இந்தப் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள்ள வேர்த்து வழிஞ்சுக்கிட்டு உட்காரணும். சுத்தித் தேக்குப் பலகை, ரெண்டு காதுக்கும் நேரா துளை போட்ட ரெண்டு ஜன்னல், காலடியில ஒரு சின்ன டேபிள் ஃபேன், அது காத்தை விடச் சத்தத்தைத்தான் நிறைய குடுக்குது. வெளியில என் பேரை எழுதித் தொங்க விட்டிருக்கு, அருள்பணி ஞானப்பிரகாசம், உதவிப் பங்குத்தந்தை. இந்தச் சென்னையில அவ்வளவு நீளமா கூப்பிட யாருக்கும் நேரமில்ல, சின்ன ஃபாதர், அவ்வளவுதான். அங்கியோட வலது பையில, சாகக் கிடக்கிறவங்களுக்குப் பூசுற மந்திரிச்ச எண்ணெய்ச் சிமிழ் இருக்கு, இடது பையில அணைச்சு வச்ச போன் இருக்கு. தொட்டிக்குள்ள போன் அடிக்கக்கூடாதுங்கிறது சட்டம், சட்டத்துக்காகத்தான் அணைச்சேன்னு சொல்லிக்கலாம். உண்மையில மத்தியானம் மூணு மணிக்கே அணைச்சுட்டேன். அம்புரோஸ் ஐயா செத்துட்டார்ங்கிற சேதி அதுக்குள்ள வந்து உட்கார்ந்திருக்குமோன்னு பயம். திறக்காத வரைக்கும் அவர் சாகல. என்ன ஒரு தெய்வ விசுவாசம் பாரு, எட்டு வருஷம் குருமடத்துல படிச்சவனுக்கு.

சிமிழைத் திறந்து கட்டைவிரலை வச்சுப் பார்க்கிறேன், ஈரமா இருக்கு, மூடிடுறேன். இதோட எத்தனை தடவை பார்த்தாச்சுன்னு தெரியல. இன்னைக்கு ஈரமா இருந்து என்ன பிரயோசனம், நேத்து சாயங்காலம் இல்ல ஈரமா இருந்திருக்கணும். நேத்து நாலரை மணிக்கு ஹவுசிங் போர்டு வீடு, மூணாவது மாடி, படியெல்லாம் செருப்பும் சைக்கிளும், மேல போகும்போதே செபமாலை சொல்ற சத்தம். முன்னறையில இரும்புக் கட்டில்ல அம்புரோஸ் ஐயா, எண்பது வயசு, ரயில் பட்டறையில லேத் மெஷின்ல முப்பத்தெட்டு வருஷம் நின்னவர்னு அவர் மகள் பிலோமினா சொன்னாங்க. தலைமாட்டுல சிலுவையில தொங்குற ஏசுவோட பாடுபட்ட சுரூபம், ரெண்டு மெழுகுவர்த்தி, ஒரு தட்டுல எலுமிச்சம்பழத் துண்டும் பஞ்சும், நான் பூசி முடிச்சதும் விரலைத் துடைக்கறதுக்கு, அந்தக் காலத்து வழக்கம், யாரோ மறக்காம எடுத்து வச்சிருந்தாங்க. பக்கத்து வீட்டு ஜனங்க ஏழெட்டுப் பேர் சுவரோரமா. டாக்டர் கையை விரிச்சாச்சு, இனி சாமியார்தான். ஐயா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, புதுச் சாமியான்னு கேட்டார். ஆமாய்யான்னேன். எந்த ஊருன்னார். காளையார்கோயில் பக்கம்னேன். தூரம்தான், அப்படின்னு சொல்லிட்டுக் கண்ணை மூடிக்கிட்டார். புத்தகத்தைத் திறந்து செபம் சொல்லி, சிமிழைத் திறந்தேன். உள்ள எண்ணெயில ஊறிக் கிடக்க வேண்டிய பஞ்சு காஞ்சு, பழுப்பேறி, ஓரமெல்லாம் சுருண்டு கிடந்துச்சு. விரலை அழுத்தினேன். ஒண்ணுமில்ல. இன்னும் அழுத்தினேன். பஞ்சு நொறுங்கி நகத்துல ஒட்டுச்சு, அவ்வளவுதான்.

அந்த இடத்துல, அந்த ஒரு நொடியில, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். அம்மா, எண்ணெய் தீர்ந்துபோச்சு. இதைச் சொல்ல எவ்வளவு மூச்சு வேணும்? சொல்லல. ஏழெட்டுப் பேரும் என்னையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க, கை தானா போச்சு. காய்ஞ்ச கட்டைவிரலால நெத்தியில சிலுவை போட்டேன். இந்தப் புனித பூசுதல் வழியாக, அப்படின்னு ஆரம்பிச்சேன், பூசுதல்னு என் வாய்தான் சொல்லுச்சு. அப்புறம் உள்ளங்கை. அவர் கையை விரிச்சேன், ரேகையெல்லாம் கறுப்பு, எந்த சோப்புக்கும் போகாத கிரீஸ் கறுப்பு. அந்தக் கறுப்பு மேல என் வறண்ட விரல் சொரசொரன்னு போச்சு. அப்ப கண்ணைத் திறந்தார். என் விரலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் அந்த எலுமிச்சம்பழத் துண்டை எடுத்து விரலை அழுத்தித் துடைச்சேன் பாருங்க, அதைத்தான் மறக்க முடியல. இல்லாத எண்ணெயைத் துடைச்சேன். பூசியாச்சா ஃபாதர்னு பிலோமினா அம்மா கேட்டாங்க. ஆச்சும்மான்னேன். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சாச்சு. காப்பி குடுத்தாங்க, அதையும் குடிச்சேன்.

திரும்பி வர்ற பஸ்ஸுல கம்பியைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டு வரும்போதுதான் ஞாபகம் வந்துச்சு, அவசரத்துல எந்தக் குருவும் எந்தத் தாவர எண்ணெயையும் தானே மந்திரிச்சுப் பூசலாம். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், எதுவானாலும். ஆயர், அதாவது பிஷப், மந்திரிச்சதுதான் வேணும்னு கட்டாயமில்ல. மூணாம் வருஷப் பரீட்சையில இதே கேள்வி வந்துச்சு, பக்கம் பக்கமா எழுதினேன், இருபதுக்குப் பதினெட்டு. அந்தப் பதினெட்டை எங்க கொண்டுபோய் வைக்க. அதே பாடத்துல இன்னொண்ணும் படிச்சேன், பூசுதல், ஞானஸ்நானம் மாதிரி ஒரு அருட்சாதனத்தைச் செய்யாம செய்யுற மாதிரி பாவனை பண்றது குற்றம். அப்ப எல்லாரும் சிரிச்சோம், எவனாவது அப்படிப் பண்ணுவானாடான்னு. பண்ணுவான். நல்லாத்தான் பண்ணுவான், காப்பியும் குடிச்சுட்டு வருவான்.

செருப்பை இழுத்துக்கிட்டு யாரோ வர்றாங்க. இடது ஜன்னல். சுவாமி என்னை ஆசீர்வதியும், நான் பாவி. வயசான அம்மா, வாராவாரம் வர்றவங்க, குரலை வச்சே தெரியுது. அவங்க சொன்னது இந்தப் பலகையோட போச்சு, அதை நினைக்கக்கூட எனக்கு உரிமையில்ல. ஆனா நான் சொன்னது எனக்குக் கேக்குதே. ஆண்டவர்கிட்ட மறைக்க ஒண்ணுமில்லம்மா, மனசைத் திறந்து சொல்லிட்டாப் பாரம் இறங்கிடும். எவ்வளவு தேனா பேசறேன். ஊருக்குத்தான் உபதேசம். மூணு அருள்நிறைந்த மந்திரம் சொல்லுங்கன்னு அனுப்பிட்டேன். போகும்போது, நல்லா இருங்க ஃபாதர், மெலிஞ்சுட்டீங்களேன்னு சொல்லிட்டுப் போறாங்க, பாவம். பாடகர் குழு மேல மாடியில ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுது, கீபோர்டுக்காரப் பையனுக்கு ஒரு இடத்துல கை தடுமாறுது, தடுமாறின இடத்துலேருந்து மறுபடியும் முதல்ல போறாங்க. நானும் அப்படித்தான். விரல், பஞ்சு, ஆச்சும்மா, காப்பி. மறுபடியும் விரல்.

எல்லாம் ஒரு சாவி. நம்பவே முடியல, ஒரு மனுஷன் மோசம் போனது ஒரு அலமாரிச் சாவியால. எண்ணெய் இருக்கிற அலமாரி பெரிய ஃபாதர் பொறுப்பு, பங்குத்தந்தை அமலதாஸ் அடிகள், சாவி அவர் மேசை இழுப்பறையில. வந்த முதல் மாசமே நான் அந்த அலமாரியைப் பூட்டாம விட்டுட்டேன். கோயில் கமிட்டியான பங்குப்பேரவைக் கூட்டத்துல பதினஞ்சு பேருக்கு முன்னால, இது உங்க ஊருக் கோயில் இல்ல ஞானம், இங்க திறந்து போட்டா நாளைக்குக் கதவே இருக்காதுன்னு சொன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. சின்ன விஷயம்தான். ஆனா அன்னைக்கு விழுந்த முடிச்சு, அதுக்கப்புறம் அந்தச் சாவியை அவர்கிட்டக் கேக்கணும்னா அவர் அறை வாசல் வரைக்கும் போய்ட்டுத் திரும்பிடுவேன். பஞ்சு காய்ஞ்சுக்கிட்டு வருதுன்னு ஆகஸ்ட்லயே பார்த்தேன். நாளைக்குக் கேக்கலாம். திங்கக்கிழமை கேக்கலாம். அவர் நல்ல மனசா இருக்கும்போது கேக்கலாம். ராத்திரிச் சாப்பாட்டுல அவர் டிவியைப் பார்ப்பார், நான் தட்டைப் பார்ப்பேன், அப்படியே நாலு மாசம். இன்னைக்குக் காலையில இட்லி சாப்பிடும்போது கேட்டேன். அவர் பேப்பர்லேருந்து தலையைத் தூக்காமலே, இழுப்பறையில இருக்கு எடுத்துக்கயேன், இதுக்கெல்லாம் என்ன கேள்வி, அப்படின்னார். அவ்வளவுதான். இவ்வளவு லேசா? இதுக்கா நான் நாலு மாசம் செத்துப் பிழைச்சேன். அவர் திட்டியிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும்.

காலையிலேயே ஓடியிருக்கலாம். எண்ணெய் நிரப்பியாச்சு, எட்டரை மணி பஸ் இருந்துச்சு. பள்ளிக்கூடத்துல காலை வழிபாடு, அப்புறம் கல்யாணம் ஆகப்போறவங்களுக்கு வகுப்பு, மூணு வரைக்கும். கணவனும் மனைவியும் ஒருத்தருக்கொருத்தர் ஒளிவுமறைவு இல்லாம இருக்கணும்னு பாடம் எடுத்தேன், பொண்ணுங்க நோட்டுல எழுதிக்கிட்டாங்க. வேலை இருந்துச்சுங்கிறது பொய். வேலை ஒரு சாக்கு. போய் என்ன சொல்றது, அதுதான் மலை மாதிரி நின்னுச்சு. நேத்து பூசினதுதானே ஃபாதர், மறுபடியும் ஏன்னு கேட்டா? இல்லம்மா, உடம்பு இன்னும் மோசமானா இன்னொரு தடவை பூசலாம்னு சொல்லலாம். அது சட்டப்படி சரியும்கூட. பாரு, திருத்தப் போறப்பவும் இன்னொரு பொய்யைத்தான் மனசு தேடுது. இல்லைன்னா உண்மையைச் சொல்லலாம். சொன்னா ஏழெட்டுப் பேருக்குத் தெரியும், நாளைக்குக் கோயிலுக்கு வர்ற பங்கு ஜனம் முழுக்கத் தெரியும், அந்தச் சின்ன ஃபாதர் வெறும் விரலைத் தேய்ச்சுட்டுப் போனவர். அப்புறம் நான் ஞானஸ்நானம் குடுத்தா தண்ணி இருக்கான்னு எட்டிப் பார்ப்பாங்க. ஆறு மணிப் பூசை முடிஞ்சதும் போயிடணும். ஏழேகால் பஸ். எட்டுக்குள்ள அந்தப் படியில ஏறிடலாம். அதுவரைக்கும் அவர் இருக்கணும். ஆண்டவரே, எட்டு மணி வரைக்கும், வேற ஒண்ணும் கேக்கல.

யார்கிட்டயாவது சொல்லணும் போல இருக்கு. அம்மாகிட்டப் பேசலாம்னா, குருப்பட்டம் வாங்கின அன்னையிலிருந்து அவங்க எனக்கு அம்மா இல்ல, முதல் ஆசீர்வாதம் வாங்கக் கால்ல விழுந்து எழுந்திரிச்சவங்க அப்படியே மாறிட்டாங்க. போன் பண்ணா, சாப்டீங்களா சாமி, நல்லா இருக்கீங்களா சாமி. ஏலேன்னு கூப்பிடும்மான்னு சொன்னேன் ஒரு நாள். அய்யோ தோஷம் சாமின்னுட்டாங்க. அக்காவும் அப்படித்தான். இந்த உலகத்துல என்னை நீன்னு சொல்ல மிச்சம் இருக்கிறது பெரிய ஃபாதர் ஒருத்தர். பாவசங்கீர்த்தனம் பண்றதா இருந்தாலும் அவர்கிட்டத்தான் போய் முழந்தாள் போடணும், தன் முதுகு தனக்குத் தெரியாதே, என் பாவத்தை நானே மன்னிச்சுக்க முடியாது. ஆறு மணிக்கு இதே கையால அப்பத்தை வேற தூக்கணும். சிமிழைத் திறந்து பார்க்கிறேன். ஈரமாத்தான் இருக்கு. விரலெல்லாம் பிசுபிசுன்னு ஆயிடுச்சு.

வலது ஜன்னல்ல நிழல் விழுது. பலகை கிறீச்சிடுது. யாரோ முழந்தாள் போட்டுட்டு மூச்சு வாங்குறாங்க, படி ஏறி வந்தவங்க மாதிரி இல்ல, அழுது முடிச்சவங்க மாதிரி. ஊதுபத்தி வாசம், யூடிகோலன் சென்ட்டு வாசம். ஆசீர்வதியுங்க ஃபாதர், ஒரு மாசம் ஆச்சு. அந்தக் குரல். நேத்து, பூசியாச்சா ஃபாதர்னு கேட்ட அதே குரல். ஃபாதர், எங்கப்பா மூணரை மணிக்கு இறந்துட்டாரு. அடக்கத்துக்கு டைம் வாங்கப் பெரிய ஃபாதரைப் பார்க்க வந்தேன், அவர் மீட்டிங்ல இருக்காரு. நாளைக்கு அடக்கப் பூசையில நன்மை வாங்கணும் இல்ல, அந்த அப்பத்தை வாங்குறதுக்கு முன்ன பாவத்தைச் சொல்லிடணுமே, அதான் இங்க வந்தேன்.

மூணரை மணி. நான் போனை அணைச்சு அரை மணி நேரம் ஆகியிருக்கும். ம், சொல்லுங்கம்மா, அப்படின்னு யாரோ சொல்றாங்க, என் வாயிலிருந்துதான்.

"நேத்து நீங்க போனதும் எல்லாரும் கிளம்பிட்டாங்க ஃபாதர். அப்பா என்னைக் கிட்டக் கூப்பிட்டு, எண்ணெய் எங்கடின்னு கேட்டாரு. சின்ன ஃபாதர் பூசிட்டாருப்பான்னேன். இல்லடி, அது வெறும் கை, முப்பத்தெட்டு வருஷம் ஆயில்லயே கெடந்தவன், எனக்குத் தெரியாதான்னாரு. மூளை குழம்பிடுச்சுன்னு நெனச்சேன். நெத்தியைத் தொட்டுப் பார்த்தேன், காஞ்சுதான் இருந்துச்சு. சரி, உறிஞ்சிருக்கும்னு இருந்தேன். காலையிலயும் அதையே கேட்டாரு. மத்தியானம் மூச்சு வாங்கும்போதும் கேட்டாரு. கோயில் ஆபீசுக்குப் போன் போட்டேன், வகுப்புல இருக்கீங்கன்னாங்க, மூணு மணிக்கு மேல உங்களுக்கே போட்டேன், போன் போகல."

மேல மாடியில பாட்டு நின்னுடுச்சு.

"அதனால நானே தேங்காய் எண்ணெய் எடுத்துட்டு வந்து, நெத்தியிலயும் கையிலயும் சிலுவை போட்டேன் ஃபாதர். நீங்க சொன்ன வார்த்தை ஞாபகம் இல்ல. ஏசுவே இவரைப் பார்த்துக்கோங்கன்னு மட்டும் சொன்னேன். அப்புறம்தான் அமைதியானாரு. சாமியார் செய்யறதைப் பொம்பளை செஞ்சது பாவம்தானே ஃபாதர்? அதுவும் இல்லாம ஒரு சாமியாரைச் சந்தேகப்பட்டேன், நேத்துலேருந்து மனசுல திட்டினேன். அதுவும் பாவம்தான். இதுதான் ஃபாதர் எம் பாவம்."

இப்ப ஒரு வார்த்தை போதும். துக்கத்துல அப்படித் தோணும்மா, சந்தேகத்தை விட்டுடுங்க, அப்பா பூசுதல் வாங்கித்தான் போனார். இதைச் சொன்னா முடிஞ்சது. சாட்சி சொல்ல ஐயாவும் இல்ல. இந்தம்மா நிம்மதியாப் போயிடுவாங்க, பங்குல ஒரு ஈ காக்காவுக்குத் தெரியாது, நான் நல்ல சாமியாராவே இன்னும் நாப்பது வருஷம் ஓட்டிடலாம். ஆறுதல்தானே, அது பொய்யாகுமா? வாக்கியம் நாக்கு நுனியில தயாரா நிக்குது, எவ்வளவு சுளுவா வருது. நேத்தும் இப்படித்தான் சுளுவா வந்துச்சு, ஆச்சும்மான்னு.

"அது பாவம் இல்லம்மா." என் குரல் எனக்கே கேக்கல. "நீங்க நெனச்சது சரி. சிமிழ்ல எண்ணெய் இல்ல. பஞ்சு காஞ்சு போயிருந்துச்சு. நான் வெறும் விரலைத்தான் வச்சேன். எல்லாரும் பார்க்கிறாங்கன்னு வெட்கம். அதான் சொல்லல."

ஃபேன் மட்டும் தடதடங்குது. அப்புறம் ரொம்ப மெதுவா, கோபமா இருந்தாக்கூடத் தேவலை, வீட்டுல பிள்ளைகிட்டச் சொல்ற மாதிரி சொல்றாங்க.

"சொல்லியிருந்தா அடுப்படியில எண்ணெய் இருந்துச்சே ஃபாதர். பத்தடி தூரம்தானே."

ஆமாம்மான்னு சொல்றேன். அழக்கூடாது, நான் அழுதா அவங்க என்னைத் தேத்த வேண்டி வரும், அந்த வேலையும் அவங்களுக்கு எதுக்கு. பாவமன்னிப்பு செபம் சொல்றேன், தந்தை, மகன், தூய ஆவியின் பெயராலே, கையைத் தூக்கும்போது விரல்ல எண்ணெய் மின்னுது, இருட்டுல அவங்களுக்குத் தெரியாது. அபராதமா என்ன செபம் சொல்லணும் ஃபாதர்ங்கறாங்க. ஒரு பரலோக மந்திரம் சொல்லுங்கம்மான்னுட்டு, வாய் கேக்காம, எனக்காகச் சொல்லுங்கங்கறேன்.

"சொல்றேன் ஃபாதர். இப்ப முடியாது. கொஞ்ச நாள் ஆகும்."

பலகையைப் பிடிச்சு எழுந்திரிக்கிறாங்க, முட்டி சொடுக்குற சத்தம் கேக்குது. போயிட்டாங்கன்னு நினைச்சா, திரும்பக் குனிஞ்சு ஜன்னல்கிட்ட முகத்தைக் கொண்டு வர்றாங்க. "நான் பெரிய ஃபாதரையே அடக்கத்துக்குக் கூப்பிடலாம்னுதான் வந்தேன். எனக்கு உங்களைக் கூப்பிட மனசே இல்ல. ஆனா அப்பா மத்தியானம் சொல்லிட்டாரு, அந்தச் சின்னச் சாமிதான் என்னை அடக்கம் பண்ணணும், வேற யாரையும் கூப்பிடாத, வேற யார்கிட்டயும் இதைச் சொல்லாதன்னு. பயந்த புள்ளை, தூரத்துலேருந்து வந்திருக்குன்னாரு. செத்தவர் வார்த்தையை நான் மீறக் கூடாது இல்ல. நாளைக்கு மூணு மணிக்கு எடுக்கிறோம். வந்துடுங்க. ஃப்ரீஸர் பெட்டிக்காரன் வந்து நிப்பான், நான் வர்றேன்."

செருப்புச் சத்தம் நடுக்கோயில் வழியா போகுது, வாசல்ல நின்னு மந்திரிச்ச தண்ணியைத் தொட்டுக்கிட்டுப் போகுது. கோயில்பிள்ளை பூசைக்கு முதல் மணி அடிக்கிறார். போய் உடுப்பு மாத்தணும். பெரிய ஃபாதர் மீட்டிங் முடிச்சு வந்திருந்தா, பூசைக்கு முன்னால ரெண்டு நிமிஷம் அவர் முன்னால முழந்தாள் போடணும். கட்டைவிரல்ல எண்ணெய் பிசுபிசுங்குது. துடைக்க இங்க எலுமிச்சம்பழமும் இல்ல, பஞ்சும் இல்ல. அங்கியிலேயே துடைச்சுக்கறேன்.